எங்கள் டாக்கீஸ் ஸ்டூடியோ ஆன கதை

எனக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாறசாலைக்குக் கிழக்கே ஒரு டாக்கீஸ் உண்டு என்று சொல்லித்தான் தரகர் பேச்சைத் தொடங்கினார். பெருங்கடவிளையில் எங்கள் வீட்டில் யாரும் அதற்கு மயங்கிவிடவில்லை. அப்பா இல்லாத வீடு. எல்லாம் அண்ணன் சொல்வதுதான். அண்ணன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "டாக்கீஸ் இருக்கட்டும், ஆளு எப்படியாக்கும்?" என்று கேட்டார். தரகர் சிரித்துக்கொண்டே, "ஆளும் சத்தமா பேசுவாரு, டாக்கீஸும் சத்தமா பேசும்" என்றார்.

அது உண்மைதான். என் வீட்டுக்காரருக்குத் தணிந்து பேசத் தெரியாது. எஞ்சின் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை.

டாக்கீஸ் முதலில் நாடகக் கொட்டகையாக இருந்ததாம். மாமனார் காலத்தில் கம்பெனி நாடகங்கள் வந்து மாதக்கணக்கில் தங்கும். சினிமா வந்ததும் மேடையை இடிக்க மனமில்லாமல், அதன் முன்னாலேயே வெள்ளைத் திரையைக் கட்டிவிட்டார்கள். அதனால் திரைக்குப் பின்னால் ஒரு முழு மேடை அப்படியே இருந்தது. அரண்மனையும் காடும் வரைந்த பழைய படுதாக்கள் அங்கே சுருட்டிக் கிடந்தன. ஒலிபெருக்கியும் அங்கேதான். வெட்டுக்கல் சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். பெண்களுக்குத் தனி வாசல், தனி டிக்கெட் ஜன்னல். கல்யாணமாகி வந்த சில மாதங்களிலேயே அந்த ஜன்னலில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டுப் பெண் டிக்கெட் கொடுத்தால் மற்ற வீட்டுப் பெண்கள் தயங்காமல் வருவார்கள் என்பது மாமியாரின் கணக்கு. அது பலிக்கவும் செய்தது. குன்னத்துகாலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்து வெள்ளைச் சேலையோடு அப்படியே மாட்டினிக்கு வந்துவிடும் சபைப் பெண்களும் உண்டு. பாதிரியாருக்குத் தெரியாமல் வந்ததாக என்னிடம் மட்டும் சொல்வார்கள்.

ஒரு வாரம் தமிழ்ப் படம், அடுத்த வாரம் மலையாளப் படம். எது வந்தாலும் கூட்டம் ஒன்றுதான். தமிழ்ப் படத்துக்கு அழுத அதே பெண்கள் மலையாளப் படத்துக்கும் அழுதார்கள். எந்த மொழியில் அழுகிறோம் என்று அப்போது யாரும் யோசித்ததில்லை.

பிறகு யோசிக்கத் தொடங்கினார்கள். தமிழ் பேசும் தாலுகாக்களையெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற பேச்சு கல்குளம், விளவங்கோடு பக்கத்திலிருந்து எங்கள் பக்கத்துக்கும் வந்தது. நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அன்றே வேறு ஆளாகிவிட்டார். படம் தொடங்குவதற்கு முன்னால் பாட்டுப் போடுகிற கூரை ஒலிபெருக்கியில் இப்போது கூட்ட அறிவிப்பு வந்தது. அவரே மைக்கைப் பிடித்துப் பேசுவார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ்தான். ஆனால் அண்ணன் படித்தது மலையாளம், படிப்பிப்பது மலையாளம். ஓணத்துக்கு நாங்கள் அங்கே போயிருந்தபோது, இலையில் பாயசம் ஊற்றிய நேரத்தில் பேச்சு முற்றிவிட்டது. எங்கள் பக்கம் மைத்துனர்கள் ஒருவரையொருவர் அளியன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அளியா, ஊரு அந்தப் பக்கம் போச்சுன்னா எனக்க பள்ளிக்கூடம் என்னாவும்? நான் யாருக்கு மலையாளம் சொல்லிக் குடுக்க?" என்றார் அண்ணன்.

"தமிழு சொல்லிக் குடும். உமக்குத் தெரியாதா?"

"எனக்கு வீட்டுத் தமிழு தெரியும். இலக்கணம் தெரியாது."

"படியும். பிள்ளையளு படிக்கல்லியா?"

"நீரு மலையாளப் படம் போட்டு மலையாளத்தான் குடுக்க சக்கரக் காசுல சோறு தின்னுட்டு எனக்குப் பாடம் சொல்லுதீரா?"

இவர் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். பாயசம் அப்படியே இருந்தது. நானும் எழுந்தேன், வேறென்ன செய்ய? வாசலில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பிளைய சண்டை, நமக்கென்ன" என்றாள். ஆனால் அதன் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்களும் போகவில்லை. பெருங்கடவிளையிலிருந்து யாராவது படம் பார்க்க வந்தால், ஜன்னலில் டிக்கெட்டோடு சேர்த்து அண்ணன் வீட்டு விசேஷத்தையும் கேட்டுக்கொள்வேன்.

மார்த்தாண்டம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு ஊர் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சந்தையில் வாழைக்குலை விலை கேட்பவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அந்த நாட்களில் ஒரு மத்தியானம்தான் அது நடந்தது.

மாட்டினி ஓடிக்கொண்டிருந்தது, தமிழ்ப் படம். சேராதே என்று சொல்லும் கூட்டம் ஒன்று நெய்யாற்றின்கரைச் சாலையிலிருந்து கொடி பிடித்து வருகிறது, எங்கள் ஒலிபெருக்கியை இறக்கச் சொல்லப் போகிறார்கள் என்று சேதி வந்தது. இவர் வாசலில் போய் நின்றார். இவருடைய ஆட்கள் எதிர்க்கடைப் பக்கம் கூடினார்கள். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். வந்த கூட்டத்தின் முன்வரிசையிலேயே குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் அண்ணன்.

முதல் கல்லை எந்தப் பக்கத்துக்காரன் எறிந்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பாறசாலையிலிருந்து போலீஸ் லாரி வந்து நின்றதும் தடியடி தொடங்கிவிட்டது. அவர்களுக்கு எந்தக் கொடி எதுவென்று பார்க்க நேரமில்லை. எல்லோரையும் அடித்தார்கள். ஓடியவர்களுக்கு முன்னால் திறந்திருந்த ஒரே வாசல் பெண்கள் வாசல். நான் தாழ்ப்பாளைப் போடப் போனவள், போடாமல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த ஒரே கதவு வழியாக உள்ளே விழுந்தார்கள். கடைசியில் அண்ணன் வந்தார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. குடை இல்லை.

பின்னாலேயே இவர் வந்தார். அண்ணனைப் பார்த்தார்.

"நடக்க முடியுமாவே?" என்று இவர் கேட்டார்.

"கண்ணு தெரியல்ல."

இவர் அண்ணனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தரை டிக்கெட் ஓரமாக நடத்தி, திரைக்குப் பின்னால் மேடைக்குக் கூட்டிப் போனார். நான் முந்தானையைக் கிழித்து நெற்றியில் கட்டினேன். பெண்கள் பக்கத்தில் குழந்தைகள் அலறின. இவர் என்னிடம், "ஆப்பரேட்டரிட்ட சொல்லு, படத்தை நிறுத்தப்பிடாது. நிறுத்தினா எல்லாரும் வெளிய ஓடுவினும், அடிபடுவினும்" என்றார். நான் மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு இறங்கி வருவதற்குள் இவர் வெளியே போய்விட்டார்.

வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றார். "அகத்து ஆரொக்கெ உண்டு?" என்று உள்ளே இருப்பவர்களைப் பற்றி விசாரித்தது என் காதில் விழுந்தது.

"படம் பாக்க வந்த பெண்ணும் பிள்ளையும் உண்டு. உங்களுக்கு வேண்டிய ஆளு நான்தான். அந்த மைக்கில பேசினது நான்."

அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே வரவில்லை.

படம் முடிகிறவரை அண்ணன் மேடையில், சுருட்டிய படுதாவின் மேல் சாய்ந்து கிடந்தார். ஒலிபெருக்கி காதுக்கு அருகில். திரையின் பின்பக்கமிருந்து படம் பார்த்தார். எல்லோரும் இடது கையால் சாப்பிட்டார்கள், இடது கையால் தாலி கட்டினார்கள் என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னிடம், "அவரு என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்" என்றார். "அவரு அப்படிப்பட்ட ஆளில்ல" என்றேன். "தெரியும். பாயசத்தை வச்சிட்டு எந்திரிச்ச அன்னைக்கும் தெரியும்."

இவரை நெய்யாற்றின்கரையில் வைத்துப் பிறகு திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். மாமனார் படுக்கையில். டாக்கீஸை மூடிவிடலாம் என்று நான் இருந்தபோது, நெற்றிக் கட்டோடு அண்ணன் வந்து நின்றார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே வந்து சாயங்காலக் காட்சியை நடத்தத் தொடங்கினார். பஸ்ஸில் வரும் படப்பெட்டியை இறக்குவது, எஞ்சினுக்கு எண்ணெய், புரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் எல்லாம் அவர்தான் பார்த்தார். இவர் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட தமிழ்ப் படங்களையே போட்டார். அவருடைய கூட்டத்துக்காரர்கள் வந்து கேட்டபோது, "இது அரசியல் இல்ல, எனக்க தங்கச்சி வீட்டு அடுப்பாக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பாத்திரத்தோடு ஜெயிலுக்குப் போவார். அங்கே கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேரும் திரும்பவும் எல்லை வழக்கைத்தான் பேசினார்களாம். காவலாளி சண்டை என்று நினைத்து ஓடி வந்தானாம்.

இவர் விடுதலையாகி வந்த அன்று வாசலில் நின்று டாக்கீஸைப் பார்த்தார். "கூரையில ஸ்பீக்கர் எங்கவே?" என்றார்.

"போலீசு கொண்டு போச்சு. பேச்சு குறைஞ்சா ஊருக்கு நல்லதாக்கும்" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் உள்ளே போய்ச் சாப்பிட்டார்கள்.

மாநிலங்களைப் பிரித்த நவம்பர் ஒன்றாம் தேதி வந்தது. கல்குளமும் விளவங்கோடும் அந்தப் பக்கம் போயின. நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்தோடு, நின்றுபோனோம். களியக்காவிளையில் பட்டாசு வெடித்த சத்தம் எங்கள் வாசல்வரை கேட்டது. இவர் டாக்கீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்று காட்சி வைக்கவில்லை. சாயங்காலம் அண்ணன் வந்தார். ஜெயித்த பக்கத்துக்காரர் என்ற சாயல் எதுவும் முகத்தில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். இவர் குடித்துவிட்டு, "நான் கேட்டது தப்பாவே?" என்றார். அண்ணன், "கேட்டது தப்பில்ல. கோடு எங்கயாவது ஒரு எடத்துல விழணும். உம்ம வாசல்ல விழுந்துபோச்சு" என்றார். இவருடைய கண் நிறைந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு டாக்கீஸ் நீண்ட காலம் நன்றாகவே ஓடியது. பெஞ்சு போய் நாற்காலி வந்தது. ஓடு போய் ஷீட் வந்தது. மகள்கள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்தோம். பிறகு வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. முதலில் குறைந்தது பெண்கள் பக்கம்தான். சாயங்காலம் அவர்களுக்கு வீட்டிலேயே கதை கிடைத்துவிட்டது. என் ஜன்னலுக்கு முன்னால் ஆளில்லை. கடைசி வருஷங்களில் நாலைந்து பேருக்காகப் படம் ஓட்டினோம். அவர்களிலும் பாதிப் பேர் தூங்கினார்கள்.

மூடிய டாக்கீஸை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் திருவனந்தபுரத்திலிருந்து டெலிவிஷன்காரர்கள் வந்தார்கள். பழைய தியேட்டர்களை அவர்கள் தேடித் தேடி எடுப்பதாகச் சொன்னார்கள். நடுவில் தூண் இருக்காது, கூரை உயரம், வெளிச்சம் உள்ளே வராது, கனமான சுவர் சத்தத்தை விடாது. ஸ்டூடியோவுக்கு வேறென்ன வேண்டும் என்றார் மேனேஜர். அவர் இளைஞர், நல்ல மலையாளம், நல்ல மரியாதை. இவர் சுவரைத் தட்டிக்காட்டி, "சத்தத்தை விடாதா? எனக்க சத்தம் களியக்காவிளை வரை போயிட்டுண்டு" என்றார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

குத்தகைக்குக் கொடுத்தோம். எங்களைக் கொன்ற டெலிவிஷனுக்கே வீட்டைக் கொடுக்கிறோமே என்று எனக்கு மனதில் ஒரு முள். இவர், "நாடகத்தைச் சினிமா கொன்னுது. எனக்க அப்பன் அழல்ல, திரையைக் கட்டினாரு. நான் எதுக்கு அழணும்?" என்றார். ஆனால் நாற்காலிகளைக் கழற்றிய அன்று அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சரிவாக இருந்த தரையை மண் நிரப்பிச் சிமென்ட் போட்டுச் சமமாக்கினார்கள். புரொஜெக்டர் இருந்த ஓட்டைகளை அடைத்தார்கள். மேடையை எடுத்துவிட்டார்கள். சுவர் முழுக்கக் கறுப்புத் துணி, அதன் பின்னால் சாக்கும் பஞ்சும். கூரையில் குறுக்கும் நெடுக்கும் குழாய், அதில் விளக்குகள். நடுவில் பலகையால் ஒரு வீடு எழுந்தது. வரவேற்பறை, மாடிப்படி, சமையலறை, பூஜையறை எல்லாம் உண்டு. மாடிப்படி எங்கும் போகாது. மேலே ஏறினால் ஆணியில் தொங்கும் கயிறுதான்.

ஒரு வாரம் மலையாள ஸீரியல், அடுத்த வாரம் நாகர்கோவிலிலிருந்து வரும் குழுவின் தமிழ் ஸீரியல். வீடு ஒன்றுதான். திரைச்சீலையை மாற்றுவார்கள், காலண்டரை மாற்றுவார்கள். நிலவிளக்கை எடுத்துவிட்டுக் குத்துவிளக்கு வைப்பார்கள். சோபாவின் உறையை உருவிப் புரட்டிப் போடுவார்கள். மலையாளத் தறவாட்டு வீடு மத்தியானத்துக்குள் தமிழ் வீடாகிவிடும். இவர் தினமும் ஒரு நாற்காலி போட்டு ஓரத்தில் உட்கார்ந்து இதைப் பார்ப்பார். படப்பிடிப்பைவிட அந்த மாற்றம்தான் அவருக்குப் பிடிக்கும்.

ஒருநாள் மேனேஜர் அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பூப்பா, ஒரு ஃபோட்டோ எடுத்தோட்டே?" என்று கேட்டார். எதற்கென்று கேட்டால், வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு பெரியவர் படம் வேண்டுமாம். நல்ல மீசை, நல்ல நெற்றி. இவர் சந்தோஷமாக உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் போனால், படம் சட்டம் போட்டு நடுச்சுவரில் தொங்குகிறது. அதில் மாலை! பக்கத்தில் சிவப்பு பல்பு!

நான் அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன். "உயிரோட இருக்க மனுசனுக்கு மாலை போடுதியளா? உங்க வீட்டுல ஆளில்லியா?"

மேனேஜர் பதறிப்போனார். "அம்மே, பேடிக்கண்டா, இது ஸீரியல் அல்லே" என்று என் பயத்தைத் தெளியவைக்கப் பார்த்தார்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "விடு பிள்ளே. ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்கு எனக்கு யாரும் மாலை போடல்ல. இப்பமாவது கிடைச்சுதே."

அடுத்த வாரம் தமிழ்க்காரர்கள் வந்தார்கள். எல்லாவற்றையும் மாற்றினார்கள். இவர் படத்தை மட்டும் மாற்றவில்லை. நெற்றியிலிருந்த சந்தனக் குறியைத் துடைத்துவிட்டுத் திருநீறு பூசினார்கள். ஆக, இரண்டு ஸீரியலிலும் அவர்தான் செத்துப்போன தாத்தா. மலையாளத்தில் சொத்தைப் பங்கு வைக்காமல் இறந்துவிட்ட காரணவர், குடும்பத்துக்குத் தலைவர். தமிழில் மகளை மன்னிக்காமல் இறந்துவிட்ட அப்பா.

சேதி கேட்டு அண்ணன் பெருங்கடவிளையிலிருந்து ஊன்றுகோலோடு வந்தார். படத்தின் முன்னால் நின்று பார்த்தார். "அளியா, தமிழு தமிழுன்னு ஜெயிலுக்குப் போன ஆளு, இப்ப மலையாளத் தறவாட்டுக்குக் காரணவராக்கும்" என்றார்.

"அடுத்த வாரம் வாரும். தமிழ்நாட்டோட சேர்ந்துருவேன்."

இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததில், டைரக்டர் 'சைலன்ஸ்' என்று கத்த வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் போனால் ஆட்கள் இவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பாலராமபுரத்தில் துணிக்கடையில் ஒரு பெண் கிட்டே வந்து, "நீங்க மரிச்சுப்போனவரு அல்லே?" என்று கேட்டேவிட்டாள். "ஆமா மக்கா, சாயங்காலம் ஏழு மணிக்கு" என்றார் இவர்.

அப்படி ஒன்றரை வருஷம் போல ஓடியது. பிறகு ஒரு காலையில், காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு மாதிரி இருக்கு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

பதினாறு கழிந்ததும் மேனேஜர் வந்தார். கூடவே இரண்டு ஸீரியல்களிலும் நடிக்கும் பெண்கள், விளக்குப் பிடிக்கிறவர்கள், சமையல்காரர் எல்லோரும். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு, படத்தை எடுத்துவிடட்டுமா, எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்குமே என்று கேட்டார்.

"இருக்கட்டு மக்கா. அவருக்கு அந்த எடம் பிடிச்சிருந்தது" என்றேன்.

அந்த வாரம் எடுத்த காட்சியில், படத்துக்கு முன்னால் விளக்கேற்ற வேண்டிய பெண் நிஜமாகவே அழுதுவிட்டாளாம். கதையில் அந்த இடத்தில் அழுகை கிடையாது. டைரக்டர் அப்படியே விட்டுவிட்டார். அதை நான் டிவியில் பார்த்தேன். முதலில் ஏழு மணிக்கு மலையாளத்தில், அப்புறம் எட்டரைக்குத் தமிழில், தினமும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். சில நாள் அவர் வராமலே கதை சமையலறையில் ஓடி முடிந்துவிடும். அன்று டைரக்டர் மேல் எனக்குக் கோபமாக வரும்.

மலையாள ஸீரியல் முதலில் முடிந்தது. தமிழ் ஸீரியலில் மகளை மன்னிக்காத அப்பாவின் வீட்டை விற்றுவிட்டார்கள். பலகை வீட்டைப் பிரித்து, அந்த இடத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் கட்டத் தொடங்கினார்கள். மேனேஜர் படத்தைத் துடைத்துத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். சட்டத்தின் கண்ணாடியில் சந்தனமும் திருநீறும் மாறி மாறிப் பூசிய தடம் போகவில்லை.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூத்த மகள் மாட்டிய படம் ஒன்று இருந்தது. இதை எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்திருந்தார். அப்போது அவருக்கு நடையே தளர்ந்துவிட்டது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இதை எனக்குத் தா. எனக்க கட்டிலுக்கு எதுத்தாப்புல மாட்டப் போறேன்" என்றார்.

"எதுக்கு அண்ணே?"

"வழக்கு பேச ஆளு வேண்டாமா?"

ஆட்டோவில் ஏறும்போது படத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. அவரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.